நிறம் போன பிறகு ஒரு மணி நேரம்

அந்தச் சாயப்பட்டறையில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்ததோடு சரி. தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வட்டக் கடிகாரத்தை மாட்டிவைத்துக்கொண்டு அதைப் பார்ப்பதும் தொட்டியைப் பார்ப்பதுமாக நிற்பார். இடியே விழுந்தாலும் ஒன்றேகால் மணி நேரம் ஆகாமல் வால்வில் கை வைக்க மாட்டார். பெண்டாட்டியோடு பேசுவதற்கும் மனுஷன் நேரம் குறித்து வைத்திருப்பான் என்று துணி முக்குகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் காலையில் கலக்கிய சாயத்தையெல்லாம் மாலைக்குள் கொன்று முடிக்க வேண்டியது அவர் பொறுப்பு, அது அவ்வளவு லேசில் சாகாது.

வேலை இதுதான். துணி குடித்தது போக மிச்சச் சாயம் முழுவதும் தண்ணீரோடு அவருடைய தொட்டிக்கு வரும். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் கத்தரிப்பூ, கறுப்பு ஓடும் நாளில் தார் மாதிரி. முதலில் அமிலம் விட்டு அந்தத் தண்ணீரைப் புளிக்க வைக்க வேண்டும், கருவியில் மூன்று என்று எண் காட்டும் வரை. அப்புறம் அன்னபேதி உப்பைக் கரைத்து ஊற்ற வேண்டும். அதன் பிறகு பீப்பாயிலிருந்து பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அன்னபேதியில் இருக்கும் இரும்பும் பெராக்சைடும் சேர்ந்ததும் தொட்டி நுரைக்கும், சூடேறும், சாயத்தைக் கடித்துக் குதறும். கால் மணி நேரத்தில் சாயத்தின் நிறம் போய்விடும், இரும்பின் பழுப்பு மட்டும் லேசாக நிற்கும். ஆனால் நிறுத்தக் கூடாது. இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் இரண்டு பங்கு பெராக்சைடு. கடைசியில் சுண்ணாம்புப் பால் விட்டால் இரும்பெல்லாம் துருச் சேறாக அடியில் படியும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீர், வாசலில் இருக்கும் மீன்தொட்டி வழியாக வாய்க்காலுக்குப் போகும். மீன்தொட்டி எதற்கு என்றால், துணி வாங்க வருகிறவர்கள் பார்ப்பதற்கு. பாருங்கள், எங்கள் தண்ணீரில் மீன் நீந்துகிறது என்று முதலாளி கை நீட்டிக் காட்டுவார்.

அந்த ஒரு மணி நேரம் எதற்கு என்பதை அவருக்குச் சொன்னவள், தொட்டி கட்டிய நாளில் வந்திருந்த ஒரு கெமிஸ்ட் பெண். மூன்றே நாள் இருந்தாள். சாயம் என்பது சங்கிலி மாதிரி, பெராக்சைடு பட்டதும் முதலில் நடுக்கண்ணி அறுந்துவிடும், அறுந்ததும் நிறம் போய்விடும், ஆனால் அறுந்த துண்டுகள் தண்ணீரில்தான் கிடக்கும், அவற்றுக்கு நிறம் கிடையாது, விஷம் மட்டும் உண்டு என்றாள். கலங்கலாக இருந்தால் மாடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும், பளிங்கு மாதிரி இருந்தால் யார்தான் குடிக்க மாட்டார்கள் என்று கேட்டாள். அவர் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். பதினோரு வருஷம். வாய்க்காலுக்குக் கீழே இருந்தவர்களில் ஒருவரும் அந்தத் தண்ணீரைக் குறை சொல்லி வாசலுக்கு வந்ததில்லை. மீன்தொட்டியில் முதல் வருஷம் விட்ட மீன்களின் குஞ்சும் குஞ்சின் குஞ்சும் நீந்தின. அவர் பெருமை அவ்வளவுதான், வேறு சொத்து சுகம் கிடையாது.

ஆனால் ஒரு ரகசியம் இருந்தது. அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பழுப்பையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். பிறவியிலேயே கண் அப்படி. பள்ளிக்கூடத்தில் மரத்துக்கு இலையெல்லாம் சிவப்பாகத் தீட்டி வாத்தியாரிடம் பிரம்படி வாங்கியபோதுதான் அவருக்கே தெரிந்தது. அதன் பிறகு லாரி ஓட்டப் போய், ரயில்வேக்குப் போய், இரண்டு இடத்திலும் கண் சோதனையில் துரத்தினார்கள். சாயப்பட்டறையில் பெரிய முதலாளி, இப்போதிருப்பவரின் அப்பா, நீச்சல் தெரியுமா, அமிலம் என்றால் பயமா என்று இரண்டே கேள்வி கேட்டார். தெரியும், பயமில்லை என்றார் இவர். மூன்றாவது கேள்வி வரவில்லை, இவரும் வாயைத் திறக்கவில்லை. அது தப்பா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

கண்ணை நம்ப முடியாததால் அவர் மற்ற எல்லாவற்றையும் நம்பினார். கருவியின் எண், கடிகாரத்தின் முள், தொட்டிச் சுவரில் உள்ளங்கை வைத்தால் ஏறும் சூடு, நுரை உடையும் சத்தம். சத்தம் அடங்கும் விதத்தை வைத்தே வேலை முடிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். வீட்டில் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவருடைய சட்டைகளை அவள்தான் எடுத்து வைப்பாள். காயா பழமா என்று தெரியாமல் தக்காளி வாங்கி வந்து நிற்கிறீர்களே என்று கேலி செய்வாள், அதோடு விட்டுவிடுவாள். வீடு என்பது பட்டறை வளாகத்துக்குள்ளேயே இரண்டு அறை. தொட்டிக்காரருக்கென்று ஒதுக்கியது. வேலை போனால் வீடும் போகும்.

கெட்ட காலம் கருவியின் உருவில் வந்தது. அதன் முனையில் இருந்த கண்ணாடிக் குமிழ் ஒரு நாள் தொட்டி விளிம்பில் பட்டு உடைந்தது. புதுசு கேட்டார். மேனேஜர் ஒரு சின்னப் பெட்டியைக் கையில் கொடுத்தார். உள்ளே சோதனைத் தாள்கள். தண்ணீரில் நனைத்தால் தாள் நிறம் மாறும், பெட்டி மேல் அச்சடித்திருக்கும் நிறங்களோடு ஒப்பிட்டுப் புளிப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றுக்குச் சிவப்பு மாதிரி ஒன்று, ஏழுக்குப் பச்சை மாதிரி ஒன்று. அவருக்கு இரண்டும் ஒரே அழுக்கு மஞ்சள். முதல் நாள் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கொட்ட நின்றார். அமிலம் குறைந்தால் பெராக்சைடு வேலை செய்யாது, சாயம் அப்படியே போகும். அதிகமானால் இன்னொரு கூத்து. நாக்கில் விட்டுப் பார்க்கிற சமாச்சாரமும் இல்லை.

மனைவியிடம் சொன்னார். அவள் யோசிக்கவே இல்லை. தம்பியிடம் சொல்லுங்கள், தாளை அவன் பார்த்துச் சொல்லட்டும் என்றாள். அவளுடைய தம்பி அதே பட்டறையில் ஈரத்துணி மூட்டை சுமந்துகொண்டிருந்தான். வேலை வாங்கிக் கொடுத்தவரே இவர்தான். முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகள், முதுகுவலி. அவர் தயங்கியபோது, "என் தம்பிதானே, வெளியாளா?" என்று கேட்டாள் அவள்.

வெளியாளாக இருந்திருந்தால் தேவலை.

மச்சினன் இரண்டு மாதம் தாள் பார்த்துச் சொன்னான். "மாமா, மூணு. மாமா, ஏழரை." ஒழுங்காகத்தான் சொன்னான். அதோடு தொட்டிப் பக்கம் இருக்கும் நிழலையும், நாற்காலியையும், மூட்டை இல்லாத முதுகையும் பார்த்துக்கொண்டான். அப்புறம் ஒரு நாள் சாய மாஸ்டரிடம் பேச்சுவாக்கில் விஷயத்தைப் போட்டு உடைத்தான். வாய் தவறி வந்துவிட்டது என்று பிற்பாடு அக்காவிடம் சொல்லி அழுதான். வாய் தவறி வருவது ஏப்பம். இது வேறு.

மாஸ்டர் என்பவர் பட்டறையில் நிறங்களைக் கலக்கிற ஆள். இரண்டு நீலத்துக்கு நடுவே இருக்கும் மூன்றாவது நீலத்தைக் கண்டுபிடித்துச் சொல்வார், அந்தத் திமிர் நடையிலேயே தெரியும். மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது ஒரு கூடை நிறைய மாதிரி நூல்கண்டுகளைக் கொண்டுவந்து இவர் முன்னால் கொட்டினார். சிவப்பும் பச்சையும் கலந்து கிடந்தன. பச்சையை மட்டும் பொறுக்கி எடு, ஒரு பந்தயம் என்றார்.

சுற்றிலும் இருபது பேர். எழுந்து போயிருக்கலாம். போனால் சந்தேகம் உறுதியாகிவிடும் என்று நினைத்தாரோ, நிதானமாகப் பார்த்தால் பாதியாவது சரியாக வரும் என்று நினைத்தாரோ, கையைத் துடைத்துக்கொண்டு பொறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு கண்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், விரலால் நெருடிப் பார்த்தார். தப்பாக எடுத்தபோதெல்லாம் ஒருவன் கைதட்டினான். சிறிது நேரத்தில் எல்லாரும் தட்டினார்கள். சரியாக எடுத்தபோதும் தட்டினார்கள், அவரைக் குழப்புவதற்காக. ஒருத்தி தன் முந்தானையைக் காட்டி இது என்ன நிறம் என்று கேட்டாள். இளைத்தவன் கையில் அகப்பட்டால் மனுஷ ஜாதிக்கு வரும் உற்சாகம் இருக்கிறதே, அது கல்யாண வீட்டில்கூட வராது. மச்சினன் ஒரு மூலையில் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு கவளம்கூடக் குறையவில்லை.

விஷயம் மேனேஜர் மூலம் முதலாளிக்குப் போயிற்று. முதலாளி இவரையும் மச்சினனையும் மாஸ்டரையும் கூப்பிட்டு விசாரித்தார். இவர் உண்மையைச் சொன்னார், நிறம் தெரியாவிட்டாலும் தண்ணீரில் குறை வந்ததில்லை என்றும் சொன்னார். முதலாளி அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு வேறொன்று உறைத்தது. நாற்காலியில் சாய்ந்து மச்சினனைப் பார்த்தார்.

"ஏப்பா, நிறம் எவ்வளவு நேரத்துல போகுது?"

"கால் மணி நேரங்க."

"அப்புறம் ஒரு மணி நேரம் இவரு என்ன பண்றாரு?"

மச்சினன் தரையைப் பார்த்தான். "மாமாவுக்கு நிறம் போனது தெரியாதுங்க. அதான் நிக்கிறாரு."

அறையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அதுதான் இதில் பெரிய கொடுமை. பதினோரு வருஷமாக அந்தக் கடிகாரம் எதற்கு மாட்டியிருந்தது, ஏன் மூன்று பங்கு பெராக்சைடு போயிற்று, ஏன் மாலை ஆறு மணி வரை தொட்டி ஓடியது, எல்லாவற்றுக்கும் பொருத்தமான காரணம் கிடைத்துவிட்டது. குருடன் ஒருவன் விளக்கணைத்த பிறகும் ஊதிக்கொண்டிருந்திருக்கிறான். கெமிஸ்ட் பெண் சொன்ன சங்கிலிக் கதையை அவர் சொல்லிப் பார்த்தார். நிறம் போனா மட்டும் போதாதுங்க என்றார். மாஸ்டர் சிரித்த சிரிப்பில் முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நிறத்தப் பத்தி எங்களுக்கு நீ பாடம் எடுக்கிறியா?" என்றார் முதலாளி.

பெரிய மனசு பண்ணி வேலையை விட்டு அனுப்பவில்லை. தொட்டியின் அடியில் படிகிற துருச் சேற்றை வழித்து, பிழிந்து, மூட்டை கட்டும் வேலையில் போட்டார்கள். தொட்டி மச்சினனுக்குப் போனது. வீடும் போனது. மச்சினன் குடும்பத்தோடு முன் அறைக்கு வந்தான், அக்காவையும் மாமாவையும் பின் அறையில் இருந்துகொள்ளச் சொன்னான். நல்லவனல்லவா. சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றித் தன் பெண்கள் பள்ளிக்கூடம் போக நேரம் பார்ப்பதற்கு வீட்டில் மாட்டிக்கொண்டான். பேர்ப்பலகையிலும் பதிவேட்டிலும் மட்டும் இவர் பேரே இருந்தது. தொட்டி ஓட்டுவதற்கான சான்றிதழ் இவர் பேரில் இருந்தது, மாற்ற வேண்டுமானால் அலுவலகத்துக்கு எழுதிப்போட்டு அலைய வேண்டும். அதற்கு யார் மெனக்கெடுவது?

மச்சினன் கால் மணி நேரத்திலேயே சுண்ணாம்பை விட்டுத் தொட்டியைத் திறந்தான். பெராக்சைடு மூன்றில் ஒரு பங்கு. தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. முதலாளி அவன் தோளில் தட்டினார். மூன்றாம் நாள் மீன்தொட்டியில் மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. இவர் சேற்றுக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தார். குஞ்சின் குஞ்செல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. மேனேஜரிடம் போய் நின்றார். பெராக்சைடு விற்கிற விலைக்கு மீன் மலிவு என்றார் மேனேஜர். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறை, யாராவது வாங்க வருகிற அன்று காலையில், பிளாஸ்டிக் பையில் புது மீன் வந்து இறங்கும். மத்தியானம் வரை தாங்கினால் போதும்.

அவருக்கே சில சமயம் சந்தேகம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சேற்றை வழித்துக்கொண்டே யோசிப்பார். எனக்கும் எல்லாரையும் போல் கண் இருந்திருந்தால், அந்தப் பெண் சொன்னதை ஒரு வருஷம் கேட்டுவிட்டு அப்புறம் நானும் கால் மணி நேரத்தில் திறந்துவிட்டிருப்பேனோ? நிறம் போனதைக் கண்ணால் பார்த்த பிறகு எவனால் ஒரு மணி நேரம் சும்மா நிற்க முடியும்? இதை ஒரு நாள் மனைவியிடம் சொன்னார். நீங்கள் மூட்டையைக் கட்டுகிற வேலையை மட்டும் பாருங்கள், இருக்கிற அறையையும் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்றாள் அவள். அவள் மட்டும் என்ன செய்வாள்? தம்பி பெண்டாட்டி அடுப்பை விட்ட பிறகுதான் அவளுக்கு அடுப்பு. சொந்த வீட்டில் வரிசையில் நின்று உலை வைத்தாள்.

நான்காவது மாதம் வாய்க்காலுக்குக் கீழே மாடுகள் நோயில் விழுந்தன. அங்கே பால் கறந்து பிழைத்த ஒரு அம்மாள் இருந்தாள். மாட்டுக்காரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கையில் ஒரு வாளியும் வாயில் வெற்றிலையுமாக ஓயாமல் பேசுகிற மனுஷி. அவளுடைய நான்கு பசுக்களில் இரண்டு குறைமாதத்தில் கன்று வீசின, ஒன்று நாக்கு நீலம் பாரித்துச் செத்தது. அடுத்த வீட்டு ஆடுகளும் போயின. தெளிந்த தண்ணீரைத்தானே காட்டினோம் என்று அவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிறகு திரண்டு வந்து பட்டறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சோதனை அதிகாரி வந்து வாய்க்காலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார். பத்து நாளில் முடிவு வந்தது. தண்ணீரில் நிறம் கொஞ்சமும் இல்லை, ஆனால் பாதியில் அறுந்த சாயத்தின் துண்டுகள் நிறைய என்று. அதாவது அந்தக் கெமிஸ்ட் பெண் சொன்னது அப்படியே. தொட்டியை ஓட்டுகிறவர் யார் என்று அதிகாரி கேட்டார். முதலாளி பதிவேட்டை நீட்டினார். அதில் யார் பேர் இருந்தது என்று நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்தது என்பார்களே, இதுதான் அது.

விசாரணைக்கு அதிகாரி நாளை வருகிறார் என்ற நிலையில் அன்று மதியமே முதலாளி மச்சினனிடம் பேசினார், மச்சினன் அக்காவிடம் பேசினான். அவர் சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது மனைவி பின் அறையில் சாப்பாட்டைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, நீங்களே பண்ணினதா ஒத்துக்கிட்டா எல்லாருக்கும் நல்லதுங்க."

அவர் தட்டில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஓரமாக ஒதுக்கினார்.

"கண்ணு தெரியாம நடந்துபோச்சுன்னு எழுதிக்குடுத்தா ஜெயில் கியில் எல்லாம் கிடையாதாம். முதலாளியே சொன்னாராம். தம்பி மாட்டினா வேலையும் போயி, வீடும் போயி, ரெண்டு பொண்ணுங்களோட நாம எல்லாருமே தெருவுல. உங்களுக்குத்தான் பேரு ஏற்கெனவே போயிடுச்சே."

கடைசி வாக்கியத்தை அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, இருப்பதில் எது உடைந்த பாத்திரம் என்று தேடி, அதை எடுத்து நீட்டினாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பதினெட்டு வருஷம் சட்டை எடுத்து வைத்தவள். சரி என்றார். கை கழுவப் போனார்.

மறுநாள் பட்டறை முற்றத்தில் மேஜை போட்டிருந்தார்கள். மாட்டுக்காரர்கள் ஒரு பக்கம், பட்டறை ஆட்கள் ஒரு பக்கம். அதிகாரி கெட்டவர் இல்லை, வேலையை முடித்துவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது. புள்ளிப் புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்தார். பக்கம் முழுக்க நிறநிறமான புள்ளிகள், நடுவில் ஒரு எண் ஒளிந்திருக்கும், நல்ல கண்ணுக்கு அது தெரியும். என்ன எண் என்று கேட்டார். தெரியலைங்க. அடுத்த பக்கம். தெரியலைங்க. ஏழு பக்கம் அப்படியே போயிற்று. பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் குழந்தை ஒவ்வொரு எண்ணையும் உரக்கப் படித்தது, அம்மா வாயைப் பொத்தினாள். மாஸ்டர் மட்டும் மெல்லச் சிரித்தார். கண் குறையை மறைத்து வேலைக்குச் சேர்ந்தேன், அதனால் தண்ணீரைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் விட்டுவிட்டேன் என்று எழுதிய தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். எத்தனை வருஷமாக இந்த வேலை என்று அதிகாரி கேட்டார். பதினோரு வருஷம் என்றார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். அந்தப் பதினோரு வருஷம் அந்தத் தாளில் ஏறியபோது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

சான்றிதழை ரத்து செய்தார்கள். பட்டறைக்கு அபராதம். வேலையிலிருந்து அவரை நீக்கினார்கள். பின் அறை மட்டும் மச்சினன் தயவில் தங்கியது. முதலாளி புதுக் கருவி ஒன்று வாங்கி, கொஞ்ச நாளைக்காவது ஒழுங்காக ஓட்டு என்று மச்சினனிடம் சொன்னாராம். மச்சினன் அன்று மாலை மாமாவுக்குப் பிடிக்கும் என்று பழம் வாங்கி வந்தான். பழுத்ததாகப் பார்த்து வாங்கியிருந்தான். அதைச் சொல்லவும் செய்தான்.

மூன்று நாள் கழித்து, வெயில் தாழ்ந்த நேரத்தில், மாட்டுக்காரம்மா வந்தாள். அவர் பின் அறை வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மனைவி உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மாள் கையில் வாளி இல்லை, வாயில் வெற்றிலையும் இல்லை. திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்து அவர் எழுந்து நின்றார். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். மாடு போனவள், நாலு வார்த்தை சொல்லட்டும்.

அவள் மாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. கொஞ்ச நேரம் அவர் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள், வெளியிலிருந்து பார்த்தால் ஏதாவது தெரியுமா என்கிற மாதிரி.

"பதினோரு வருஷம்னு எழுதினீங்களே. நெசமா?"

"ஆமாம்மா."

"ஆறு வருஷத்துக்கு முன்னாடியும் நீங்கதான் தொட்டியில?"

"நான்தாம்மா."

"அப்பவும் உங்களுக்குக் கண்ணு இப்படித்தானே?"

அவள் எதைக் கேட்க வந்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண் இருந்தது. அம்மாவோடு வாய்க்காலில் நாளெல்லாம் விளையாடும். ஐந்து நாள் வாந்தி, காய்ச்சல், ஆறாம் நாள் போய்விட்டது. ஏதோ விஷக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். அந்த வாரம் பக்கத்துத் தெருக்களிலும் இரண்டு குழந்தைகள் அதே காய்ச்சலில் போயின. அந்தத் தெருக்களுக்கும் வாய்க்காலுக்கும் சம்பந்தமே கிடையாது. இவரும் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தவர்தான்.

"இல்லம்மா," என்றார். "அந்தத் தண்ணி நல்ல தண்ணி. ஒரு நாள்கூட நான் நேரத்துக்கு முன்னாடி தொறந்தது கிடையாது. உங்க பாப்பாவுக்கு என் தண்ணியால எதுவும் ஆகலம்மா. இது என் பிள்ளை மேல சத்தியம்னு சொல்லக்கூட எனக்குப் பிள்ளை இல்ல. நான் சொல்றத நம்புங்க."

"தண்ணி நல்லா இருந்துச்சுன்னு நீங்க பாத்தீங்களா?"

உள்ளங்கையில் ஏறிய சூட்டை, நுரை அடங்கிய சத்தத்தை, முள் நகர்ந்ததை இந்த அம்மாளுக்கு எந்த வார்த்தையில் சொல்வது? சொன்னால் அடுத்த கேள்வி வரும், அப்படியானால் இந்த மாடுகளைக் கொன்றது யார் என்று. அதற்கான பதில் முன் அறையில் இரண்டு பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. குரல் இங்கே வரை கேட்டது. ஆனாலும் சொல்லிவிடுவது என்றுதான் அவர் தீர்மானித்தார். போகட்டும் வீடு. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அந்தக் கொள்ளியைத் தன் தலையில் சுமந்துகொண்டு போகக் கூடாது. தன் கையால் அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டியவள் அவள்தானே.

"அம்மா, தொட்டியில இருந்தது..." என்று ஆரம்பித்தார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி ஈரக் கையோடு வெளியே வந்து அவருக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றாள். "அவருகிட்ட கேட்டு என்ன பிரயோஜனம்? தண்ணி சிவப்பா போச்சா வெள்ளையா போச்சான்னு அவருக்கு எப்பவுமே தெரிஞ்சது இல்ல."

மாட்டுக்காரம்மா அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இல்லை இல்லை என்று ஆட்டினார். அந்த அம்மாள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்ததோ. "நான்தான் தினமும் அதுல குளிப்பாட்டினேன்," என்று மட்டும் சொன்னாள். பிறகு திரும்பி, வாய்க்கால் கரை வழியாகப் போகாமல், ரோட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.